சாவி ஆணியிலேயே இருக்கட்டும்: சென்னையில் நடக்க, மிதிக்க, ஏறி இறங்க 32 குறிப்புகள்

எங்கள் வீட்டு வாசற்கதவை ஒட்டி ஓர் ஆணி. அதில் ஸ்கூட்டர் சாவி தொங்கும். கறிவேப்பிலை தீர்ந்தால்கூட கை நேரே அந்த ஆணிக்குத்தான் போகும். ஒருமுறை வண்டி பழுதாகி, பத்து நாள் மெக்கானிக் கடையில் கிடந்தது. வேறு வழியில்லாமல் நடந்தேன், பஸ் ஏறினேன், ரயில் பிடித்தேன், பரணில் கிடந்த சைக்கிளைத் தட்டி எடுத்தேன். முதல் மூன்று நாள் எரிச்சல். நாலாம் நாள் விஷயம் பிடிபட்டது. பஸ்ஸும் ரயிலும் ஓடுகிற நேரம் ஓடத்தான் செய்யும். நம் நேரத்தைத் தின்பது ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் நாம் விடுகிற கோட்டைதான்: தப்பான வாசல், தப்பான நிறுத்தம், இல்லாத சில்லறை, வீட்டில் மறந்த குடை. அந்த ஓட்டைகளை அடைக்கச் சில குறிப்புகள்.

புறப்படும் முன்

1. வாசலிலிருந்து வாசல்வரை கணக்குப் போடுங்கள். "பஸ்ஸில் இருபது நிமிஷம்தான்" என்பது அரைக் கணக்கு. நிறுத்தம்வரை நடை, காத்திருப்பு, ஓட்டம், இறங்கியபின் நடை என நான்கையும் ஒருநாள் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டருக்கும் இதே கணக்கு: வண்டியை வெளியே எடுப்பது, சிக்னல், நிறுத்த இடம் தேடுவது, அங்கிருந்து நடப்பது. இரண்டையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் பாதி வாக்குவாதம் அதிலேயே முடிந்துவிடும்.

2. பதினைந்து நிமிட வட்டம். சாதாரணமாக நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டிலிருந்து ஒரு திசையில் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்புங்கள். அடுத்த ஞாயிறு வேறு திசை. நாலு வாரத்தில் உங்கள் கால் எட்டுகிற பஸ் நிறுத்தங்கள், ஸ்டேஷன், காய்கறிக் கடை, குறுக்குச் சந்து எல்லாம் மனதில் பதிந்துவிடும். பக்கத்து நிறுத்தத்தில் ஒரு பஸ்தான் வரும். ஐந்து நிமிடம் தள்ளியிருக்கும் மெயின் ரோடு நிறுத்தத்தில் ஆறு பஸ் வரும். இது நடந்து பார்த்தால்தான் தெரியும்.

3. எப்போதும் இரண்டு வழி. அடிக்கடி போகும் இடத்துக்கு ஒரு வழியை மட்டும் நம்பாதீர்கள். நங்கநல்லூர்க்காரர்கள் சென்ட்ரலுக்குப் போக, பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கலாம். நங்கநல்லூர் சாலை மெட்ரோவில் ஏறினால் நேரே சென்ட்ரல். ஒன்று மலிவு, மற்றது குளுகுளு. ஒன்றில் கோளாறு என்றால் மற்றது கைகொடுக்கும். உங்கள் பேட்டைக்கும் இப்படி ஒரு ஜோடி இருக்கும், தேடி வையுங்கள்.

4. பயணப் பை ஒன்று தனியாக இருக்கட்டும். மடக்குக் குடை, சின்னத் துண்டு, தண்ணீர் பாட்டில், மடித்த மஞ்சப்பை, சில்லறைப் பர்ஸ். இந்த ஐந்தும் எப்போதும் அந்தப் பையிலேயே கிடக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை மட்டும் எடுத்துக் கழுவி நிரப்பி, திரும்பவும் உள்ளே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது தேடுகிற வேலையே இல்லை.

5. கைப்பேசியும் அட்டையும். 2025 செப்டம்பர் 22 அன்று தொடங்கிய 'சென்னை ஒன்' செயலியில் மாநகரப் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். கைப்பேசி பிடிக்காதவர்களுக்குச் சிங்காரச் சென்னை அட்டை இருக்கிறது. 2023-ல் மெட்ரோவுக்காக வந்தது, 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பஸ்ஸிலும் செல்லும். எதை நம்பினாலும் சரி, கைப்பேசி உறைக்குப் பின்னால் ஒரு நூறு ரூபாய்த் தாளைச் செருகி வையுங்கள். சார்ஜ் தீர்ந்த நாளில் அதுதான் வீடு சேர்க்கும்.

நடந்து போகும்போது

6. நிழல் எந்தப் பக்கம்? வடக்கு-தெற்காகப் போகும் தெருவில் காலையில் கிழக்குப் பக்க நடைபாதையில் நிழல் இருக்கும். மாலையில் மேற்குப் பக்கத்தில். கட்டடத்தின் நிழல் சூரியனுக்கு எதிர்ப்புறம்தான் விழும் என்பதை நினைவில் வைத்தால் போதும். கிழக்கு-மேற்குத் தெருவில் பெரும்பாலான மாதங்கள் தெற்குப் பக்கம் நிழல் தரும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை உச்சி வெயில் சென்னைக்குச் சற்று வடக்கே நகர்ந்துவிடுவதால், அப்போது நடுப்பகலில் அந்த நிழலையும் நம்ப முடியாது. மரம் உள்ள தெருவாகப் பார்த்துச் சுற்றிப் போவது மேல்.

7. நடைபாதை இல்லையென்றால் வலப்புறம். எதிரே வரும் வண்டி நம் கண்ணுக்குத் தெரியும்படி நடக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வருகிற வண்டியை நம்பி நடக்கக் கூடாது. இரவில் கறுப்பு, கருநீலத் துணிகளைத் தவிருங்கள். ஒரு வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாலும் போதும்.

8. கடக்கும்போது கண் இடப்பக்கம் திரும்புகிறவர் மேல். நமக்குப் பச்சை விழுந்தாலும், இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் பல சந்திப்புகளில் நிற்பதே இல்லை. முதலில் அவர்களைப் பாருங்கள், கையை நீட்டிக் காட்டுங்கள், பிறகு கால் வையுங்கள். நின்றிருக்கும் பஸ்ஸின் மூக்கை ஒட்டிக் கடப்பது ஆகவே ஆகாது. அதை முந்தி வரும் பைக் நமக்கும் தெரியாது, நாமும் அவருக்குத் தெரிய மாட்டோம். பஸ் கிளம்பிய பிறகு கடந்தால் அரை நிமிடம்தான் நஷ்டம்.

9. இரண்டு ஜோடிச் செருப்பு. நடைக்குப் பின்பட்டி உள்ள செருப்போ கேன்வாஸ் ஷூவோ போதும். ஆபீசுக்கான நல்ல ஷூவை ஆபீஸ் மேஜைக்குக் கீழேயே விட்டுவையுங்கள். புதுச் செருப்பு கடித்தால், கடிக்கும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவி ஓர் இரவு வைத்தால் தோல் இளகும்.

10. காத்திருப்பதைவிட நடப்பது லாபமா? இரண்டு நிறுத்தத் தூரம் என்றால் பெரும்பாலும் நடைதான் ஜெயிக்கும். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பத்து நிமிடம் பஸ் வரவில்லையென்றால் அடுத்த நிறுத்தம்வரை நடப்பது. ஆனால் பஸ் வரும் பாதையிலேயே நடக்க வேண்டும், வழியில் வந்தால் கைகாட்ட வசதியாக. குறுக்குச் சந்தில் நுழைந்தால் அந்த நிமிடமே பஸ் போய்விடும் என்பது சென்னையின் எழுதாத சட்டம்.

11. தி.நகருக்கு ரயிலில் போய் மேலேயே நடங்கள். தீபாவளி, ஆடித் தள்ளுபடி நாளில் தி.நகரில் வண்டி நிறுத்த இடம் தேடுவது தவம். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால், அங்கிருந்து தி.நகர் பஸ் நிலையம்வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாலம் இருக்கிறது. 2023 மே மாதம் திறந்தது. ரங்கநாதன் தெரு நெரிசலைத் தலைக்கு மேலே கடந்துவிடலாம். லிப்ட் இருப்பதால் பெரியவர்களையும் அழைத்துப் போகலாம். பாண்டி பஜாரில் 2019-ல் போட்ட அகல நடைபாதையில் உட்கார இருக்கைகளும் உண்டு. மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

சைக்கிளுக்கு

12. வாரம் ஒருமுறை காற்று. காற்று குறைந்த டயரில் மிதிப்பது மணலில் நடப்பதுபோல. "சைக்கிள் கனமாக இருக்கிறது" என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் குறை காற்றில்தான். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். வீட்டில் ஒரு கைப்பம்பு இருந்தால் பஞ்சர் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

13. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது தூசியை இழுத்துக் கறுப்புப் பிசினாகிவிடும். பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றியபடி செயினைத் துடையுங்கள். பிறகு தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மேலே தங்கியதை மறுபடி துடைத்துவிடுங்கள். மழையில் நனைந்த மறுநாள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும் என்பதால் அங்கே இன்னும் அடிக்கடி.

14. சீட்டுக்கு ஒரு தொப்பி. குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி சைக்கிள் சீட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். ஒன்றைச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் செருகி வையுங்கள். மழை ஓய்ந்ததும் உருவிவிட்டு ஏறலாம்.

15. சேலை, துப்பட்டா, பேன்ட். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடியுங்கள். பேன்ட்டின் வலக்கால் ஓரத்தை ரப்பர் பேண்டால் இறுக்கினால் செயின் கறை படாது. சேலை கட்டி ஓட்டுகிறவர்கள் பின்சக்கரத்துக்கு வலை போட்ட சைக்கிளாகப் பார்த்து வாங்குங்கள். பழைய சைக்கிள் என்றால் கடையில் சொன்னால் பொருத்தித் தருவார்கள்.

16. நிற்கும் காரிலிருந்து ஒரு கதவு தள்ளி. சாலையோரம் நிற்கிற கார்களை உரசிக்கொண்டு ஓட்டாதீர்கள். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கதவு அகலம் விட்டு, நேர்கோட்டில் போங்கள். காருக்குக் கார் உள்ளே வெளியே வளைந்து ஓட்டினால் பின்னால் வருகிறவர் குழம்பிவிடுவார். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, நல்ல பெல். இந்த மூன்றும் இல்லாமல் இருட்டில் எடுக்க வேண்டாம்.

17. பூட்டு எதில் மாட்டுகிறோம் என்பதே முக்கியம். சக்கரத்தை மட்டும் பூட்டினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிரேமும் சக்கரமும் அசையாத கம்பியோடு சேர்ந்து பூட்ட வேண்டும். ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் விட்டால், கொடுக்கிற ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். காகிதம் தொலைந்தாலும் படம் பேசும்.

மாநகரப் பஸ்ஸில்

18. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எழுத்தையும் பாருங்கள். 29சி பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஓடுவது. அதே 29-க்குப் பின்னால் வேறு எழுத்து வந்தால் ஊரும் மாறிவிடும். 'கட் சர்வீஸ்' என்றால் பாதி வழியில் திரும்பிவிடும். எண்ணும் எழுத்தும் சரியாக இருந்தாலும், எதிர்த் திசையில் போகும் பஸ்ஸிலும் அதே பலகைதான் இருக்கும். ஏறும்போதே நீங்கள் போக வேண்டிய இடத்தின் பெயரைச் சொல்லி, "போகுமாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. தண்டையார்பேட்டை போக நினைத்து தாம்பரத்தில் இறங்குவதில்தான் இருக்கிறது.

19. பெண்களுக்குக் கட்டணமில்லை, டிக்கெட் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். திருநர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுக்கு உதவியாக வருகிறவருக்கும் அந்தச் சலுகை உண்டு. எல்லா பஸ்ஸிலும் இல்லை என்பதால் ஏறும் முன் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காசு இல்லையென்று டிக்கெட் வாங்காமல் உட்கார வேண்டாம். அந்தக் கட்டணமில்லாச் சீட்டையும் வாங்கி, இறங்கும்வரை கையில் வைத்திருங்கள்.

20. சில்லறைக்கு ஒரு டப்பா. காய்கறிக் கடையில் மிஞ்சும் ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேருங்கள். வாரத் தொடக்கத்தில் ஒரு பிடி எடுத்துப் பயணப் பர்ஸில் போடுங்கள். காலை எட்டு மணிக் கூட்டத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், கண்டக்டரின் முகம் போகிற போக்கை நாள் முழுக்கச் சுமக்க வேண்டிவரும். மீதிப் பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தந்தால், இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே நினைவூட்டுங்கள்.

21. பாஸ் எடுக்கலாமா? நாற்பது ரூபாய் விதி. விருப்பம்போல் பயணிக்கும் மாதப் பாஸ் 1,000 ரூபாய். குளிர்சாதன பஸ் தவிர மற்றவற்றில் எங்கும் எத்தனை முறையும் போகலாம். குளிர்சாதன பஸ்ஸும் சேர வேண்டும் என்றால் 2,000 ரூபாய். மாதத்தில் 25 நாள் பஸ் ஏறுகிறவருக்கு ஆயிரம் ரூபாய் பாஸ் நாளுக்கு 40 ரூபாய் விழுகிறது. உங்கள் தினச் செலவு அதற்கு மேல் என்றால் பாஸ் லாபம். இன்னொரு லாபமும் உண்டு: கையில் பாஸ் இருந்தால், வருகிற பஸ்ஸில் ஏறிப் பாதி தூரம் போய் அங்கே மாறிக்கொள்ளலாம். 'நேர் பஸ்' வரும்வரை வெயிலில் நிற்க வேண்டாம்.

22. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன் நிறுத்தத்திலேயே எழுந்துவிடுங்கள். கூட்டத்தில் கடைசி நொடியில் நகர முடியாது. முன்னால் நிற்பவரிடம், "நெக்ஸ்ட் ஸ்டாப் இறங்குறீங்களா?" என்று கேட்டால் இறங்குகிறவர் வழியில் நிற்பார், இறங்காதவர் வழி விடுவார். புது இடம் என்றால் கைப்பேசி வரைபடத்தில் நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பஸ் முழுதாக நிற்காமல் படியை விட்டுக் கால் எடுக்காதீர்கள்.

23. பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும். சென்னையில் அறுபது வயது முடிந்தவர்களுக்கு மாநகரப் பஸ்ஸில் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள். வீட்டில் தாத்தா இருந்தால் வாங்கித் தாருங்கள். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவரே போய் வருவார். அரசு பஸ்ஸில் ஐந்து வயதுவரை குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள், இரண்டு படி ஏறும் உயர பஸ்ஸை விட்டுவிட்டுத் தாழ்தள பஸ்ஸுக்குக் காத்திருப்பது நல்லது.

மின்சார ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ

24. 'சென்ட்ரல்ல இறங்கு' என்றால் எந்த சென்ட்ரல்? ஒரே இடத்தைச் சுற்றி ஐந்து பெயர்கள் இருக்கின்றன. வெளியூர் ரயில்களுக்கு சென்ட்ரல். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களுக்குப் பக்கத்திலேயே மூர் மார்க்கெட் வளாகம். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு ரயிலுக்கு சாலையின் எதிர்ப்புறம் பார்க். வேளச்சேரி பறக்கும் ரயிலுக்குப் பார்க் டவுன். மெட்ரோ பூமிக்கு அடியில். ஊரிலிருந்து வருகிற அத்தையிடம் "சென்ட்ரல்ல நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னால், இரண்டு பேரும் அரைமணி நேரம் ஒருவரையொருவர் தேட வேண்டியதுதான். ஸ்டேஷன் பெயரோடு, நிற்கிற வாசலையும் சொல்லுங்கள்.

25. டிக்கெட்டில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். வெளியூர் ரயில் டிக்கெட்டில் எம்.ஏ.எஸ். என்றால் சென்ட்ரல், எம்.எஸ். என்றால் எழும்பூர், டி.பி.எம். என்றால் தாம்பரம். "சென்னை" என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஓடி, ரயிலைத் தவறவிட்ட கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்தில் இரண்டு.

26. வெயில் படாத ஜன்னல். கடற்கரை–தாம்பரம் பாதை பெரும்பாலும் வடக்கு-தெற்காகப் போகிறது. காலையில் நகருக்குள் போய் மாலையில் தாம்பரம் பக்கம் திரும்புகிறவர்கள், போகும்போதும் வரும்போதும் ரயில் போகும் திசைக்கு இடப்பக்கம் உட்காருங்கள். காலையில் வெயில் வலப்பக்க ஜன்னலில் அடிக்கும், மாலையிலும் அதே வலப்பக்கம்தான். எதிர்த்திசை வேலைக்காரர்களுக்கு, அதாவது காலையில் தாம்பரம் பக்கம் போகிறவர்களுக்கு, இரண்டு வேளையும் வலப்பக்கம் நிழல்.

27. ஏறும் பெட்டியைப் பார்த்து ஏறுங்கள். மின்சார ரயிலில் முதல் வகுப்புப் பெட்டி உண்டு. கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று சாதாரண டிக்கெட்டோடு ஏறினால் அபராதம். பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்பதை நாலு நாள் கவனித்துப் பிளாட்பாரத்தில் ஒரு தூணையோ கடையையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். 'ஃபாஸ்ட்' வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. சில வண்டி தாம்பரத்தோடு நின்றுவிடும், சில செங்கல்பட்டுவரை போகும். 2025 ஏப்ரலிலிருந்து ஓடும் குளிர்சாதன மின்சார ரயிலுக்குத் தனி டிக்கெட், குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய்.

28. சீசன் டிக்கெட் கணக்கு. மாத சீசன் விலை ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணத்துக்குச் சமம். அதாவது எட்டு நாள் போய் வந்தாலே போட்ட காசு வந்துவிடும். மூன்று மாத சீசனுக்கு மாத விலையைப்போல் 2.7 மடங்குதான். ஒருசேரக் கொடுக்க முடிந்தால் அதை எடுங்கள். மூன்று முறை வரிசையில் நிற்பது ஒரு முறையாகக் குறையும். காலாவதித் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள், முடிகிற நாளுக்கு இரண்டு நாள் முன்னால்.

29. மெட்ரோவில் ஏறும் முன் இறங்கும் வாசலைத் தெரிந்துகொள்ளுங்கள். சுரங்க ஸ்டேஷனில் தப்பான வாசலில் வெளியே வந்தால், அண்ணா சாலையின் எதிர்ப்பக்கத்தில் நிற்பீர்கள். வாசல் எண் ஸ்டேஷன் சுவரில் உள்ள வரைபடத்தில் இருக்கும். நீலத் தடம் விம்கோ நகரிலிருந்து விமான நிலையம். பச்சைத் தடம் சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை. இரண்டும் சந்திப்பது சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் மட்டும். கட்டணம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. அட்டையிலோ கைப்பேசி க்யூஆரிலோ எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி. கிண்டி, எழும்பூர், பரங்கிமலை மூன்றிலும் மெட்ரோவிலிருந்து மின்சார ரயிலுக்கு எளிதாக மாறலாம். விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன் இருப்பதும் நினைவிருக்கட்டும்.

30. ஊருக்குப் போகும்போது. தென்மாவட்ட அரசு பஸ்கள் இப்போது கோயம்பேட்டில் இல்லை. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன. பண்டிகைக்கு முந்தைய இரவில் ஜி.எஸ்.டி. சாலையில் ஆட்டோவில் போனால், ஊர் பஸ் கிளம்பிய பிறகும் நீங்கள் பெருங்களத்தூரில் நிற்பீர்கள். மின்சார ரயிலில் வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம்வரை போய், மீதியை மாநகரப் பஸ்ஸில் முடியுங்கள். பெட்டிக்குச் சக்கரம் இருந்தாலும் தூக்கக் கைப்பிடி இருக்கட்டும். ஸ்டேஷன் படிக்கட்டில் சக்கரம் உதவாது.

மழையிலும் பிறகும்

31. தேங்கிய தண்ணீரில் ஓரமாக நடக்காதீர்கள். ஓரத்தில்தான் வடிகால் இருக்கும்; மூடி திறந்திருந்தால் தெரியாது. வண்டிகள் போன தடத்திலேயே மெல்ல நடங்கள். மடக்கிய நீளக் குடையைக் கைத்தடியாக்கி முன்னால் ஊன்றிப் பாருங்கள். மின்கம்பத்தையும் தெருவோர மின்பெட்டியையும் தொடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை, பெருமழை நாளில் துரைசாமி சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாகப் போகும் திட்டத்தை முதலிலேயே மாற்றிவிடுங்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்றில் கைப்பேசி, பாஸ், மாத்திரை. மாற்றுச் சட்டை ஒன்று ஆபீஸிலேயே. அவசரத்துக்கு மூன்று எண்கள்: எதற்கும் 112, பெண்களுக்கு 181, ரயிலில் 139. வீட்டுக் குழந்தைகளுக்கு இவற்றோடு உங்கள் எண்ணையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். சார்ஜ் தீர்ந்த கைப்பேசியில் சேமித்த எண்ணுக்கு உபயோகமில்லை.

32. ஒரேயடியாக வண்டியை விற்றுவிட வேண்டாம். நடுராத்திரி காய்ச்சலுக்கும், கேஸ் சிலிண்டர் தீர்ந்த அவசரத்துக்கும் அது இருக்கட்டும். முதலில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாவியை ஆணியில் விட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு நாள். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: நாள்கணக்கில் எடுக்காமல் நிறுத்தினால் ஸ்கூட்டர் பேட்டரி இறங்கிவிடும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, தெருமுனைவரை ஓட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டு வண்டிக்கு இப்போது அது ஒன்றுதான் வேலை.